பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குத் தோல் இருக்கை: வன்னியில் இருந்துகொண்டு செய்விப்பது எப்படி

வன்னியில் பழைய பிரித்தானியக் கார் என்றால் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். எம்.ஜி.பி., ட்ரையம்ஃப் ஸ்பிற்ஃபயர் போன்ற இரண்டு இருக்கைக் கார்கள் அரிது. அவற்றின் உட்புறத்துக்குத் தோல் போடத் தெரிந்தவர்கள் அதைவிட அரிது. எனது எம்.ஜி.பி.யின் இருக்கைகளையும் கதவுப் பலகைகளையும் தோலில் செய்விக்க அலைந்தபோது, ஊசி தோலில் இறங்குவதற்கு முன் எடுக்கும் முடிவுகளே பணத்தையும் காலத்தையும் தின்கின்றன என்பதைக் கண்டுகொண்டேன். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இதே வேலையைத் தொடங்கப் போகிறவருக்காக, செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன். மொரிஸ், ஒஸ்ரின் வைத்திருப்பவர்களுக்கும் அளவுகளைத் தவிர மற்றவை பொருந்தும்.

1. உட்புறத்தைக் கடைசி வேலையாக வையுங்கள்

தகர வேலை, வெல்டிங், பெயின்ட், வயரிங், கூரைத் துணி ஆகிய அனைத்தும் முடிந்த பிறகே தோலைப் பற்றி யோசிக்க வேண்டும். தோல் போட்ட காருக்குள் வெல்டிங் பொறி ஒன்று விழுந்தால் துளை நிரந்தரம். உள்ளே இருக்கும் நுரைமெத்தை தீப்பற்றவும் கூடும். தரைத் தகட்டைப் பார்ப்பதற்குக் கால்விரிப்புகளையும் அதன் அடியிலுள்ள நனைந்த சாக்கையும் முழுவதுமாக எடுத்துவிட்டு, இருக்கைத் தண்டவாளங்கள் பூட்டப்பட்ட இடங்களைச் சுற்றி ஸ்குரூட்ரைவரின் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் முதலில் போக வேண்டிய இடம் தகர வேலைக்காரரிடம்.

எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். 1974 வரை வந்த கார்களில் இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில், 6 வோல்ட் பற்றரிகள் இரண்டு இருந்தன. அந்தப் பெட்டிகள் அமிலம் பட்டு அரித்திருப்பது வழமை. அவற்றைச் சீர்செய்யாமல் மேலே புதிய விரிப்பை ஒட்டிவிடக் கூடாது. ஒட்டும்போதும் பற்றரி மூடியைத் தூக்கக்கூடியவாறு தனித் துண்டாகவே வெட்ட வேண்டும்.

கூரைத் துணியையும் கண்ணாடிக்கரை ரப்பரையும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். மாரி மழையில் ஒழுகும் காருக்குத் தோல் போடுவது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதுதான்.

2. கையில் இருக்க வேண்டிய கடதாசிகள்

இருக்கையின் உறையையோ நிறத்தையோ மாற்றுவது வேறு, இருக்கைகளின் எண்ணிக்கையை மாற்றுவது வேறு. பதிவுச் சான்றிதழில் எத்தனை இருக்கை என்று குறிக்கப்பட்டிருக்கிறதோ அதை அப்படியே வைத்திருங்கள். பின்புறத் தட்டில் சிறுவர் இருக்கை ஒன்றைச் சேர்க்கலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டினால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்காமல் சம்மதிக்க வேண்டாம்.

வருமான அனுமதிப்பத்திரம் எப்போது காலாவதியாகிறது என்பதை இருக்கைகளைக் கழற்றுவதற்கு முன் பாருங்கள். அதைப் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகைப் பரிசோதனைக்குக் காரை ஓட்டிச் செல்ல வேண்டும். இருக்கை இல்லாத காரை ஓட்டிச் செல்ல முடியாது. காலாவதித் திகதி அருகில் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு, பிறகு ஸ்பனரைக் கையில் எடுங்கள்.

கழற்றுவதற்கு முன்னும் வேலை முடிந்த பின்னும் எடுத்த படங்களையும் பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் ஒரே கோவையில் வைத்திருங்கள். காப்புறுதி நிறுவனத்தில் காரின் பெறுமதியை உயர்த்தக் கேட்கும்போது வாய்ப்பேச்சு எடுபடாது.

3. கழற்றுதல்

பற்றரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். 1960களின் பிரித்தானியக் கார்களின் மரைகள் அங்குல அளவிலானவை. கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டால் மரைத்தலை உருண்டுவிடும். துரு பிடித்த மரைகளுக்கு முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். தண்டவாளத்தின் அடியில் வைத்திருக்கும் மரத்துண்டுகளையும் வளையங்களையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். இருக்கையின் உயரத்தைத் தீர்மானிப்பவை அவையே.

கிழிந்த பழைய உறையைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் துண்டு எதனோடு எந்த ஒழுங்கில் தைக்கப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஒவ்வொரு துண்டிலும் இடம், வலம், மேல், முன் என்று அழியாத மையால் எழுதி, தையலைப் பிரிப்பதற்கு முன் இரு துண்டுகளுக்கும் குறுக்கே சிறு கோடுகள் இழுத்துக்கொள்ளுங்கள். பின்பு புதிய துண்டுகளை இணைக்கும்போது அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும்.

4. எந்தத் தோல்

இந்தப் படியில்தான் அதிக பணம் வீணாகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வாகன இருக்கைக்கு வேண்டியது 1.0 முதல் 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள, குரோமிய உப்பால் பதனிட்ட (குரோம்) மாட்டுத்தோல். பட்டைச் சாறுகளால் பதனிட்ட தோல் செருப்புக்கும் பைக்கும் அருமையானது. ஆனால் வெயிலில் கறுக்கும், விறைக்கும், சூட்டில் சுருங்கவும் செய்யும். குரோம் தோல் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் வரை சுருங்காமல் தாங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் கூரை மூடி நிறுத்திய காரின் உள்ளே தொடமுடியாத சூடு ஏறுவதை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் பொருள் புரியும்.

அடுத்தது மேற்பூச்சு. சாயம் மட்டும் ஊறிய, பூச்சில்லாத தோல் கைக்கு இதமாக இருக்கும்; விலையும் கூட. ஆனால் வியர்வையும் செம்மண் புழுதியும் சேரும் இடத்தில் அது ஒரு சோளகக் காலத்தைக்கூட அழகாகத் தாண்டாது. நிறப்பூச்சு இட்ட தோலையே கேளுங்கள். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தத் தோலை விட்டுவிடுங்கள், இல்லையேல் கோயிலுக்கு வேட்டியோடு போகும் நாளில் முதுகுப்புறம் எல்லோருக்கும் காட்சியாகிவிடும்.

போலிகளை அறிவது கடினமன்று. வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: உண்மையான தோலில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பின்புறத்தில் நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின். தோல் தூளைப் பசையால் அழுத்திச் செய்த தகடும் தோல் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அதன் பின்புறம் செயற்கையாக ஒரே சீராக இருக்கும், விளிம்பை நகத்தால் சுரண்டினால் அடுக்காக உரியும். தோலின் கீழ் அடுக்கைப் பிரித்தெடுத்து மேலே பிளாஸ்ரிக் படலம் ஒட்டியதும் உண்டு. பார்வைக்கு ஏமாற்றும், மடிப்பு விழும் இடத்தில் வெடிக்கும்.

உள்ளூர்த் தோலை வாங்கிச் செய்விக்கலாமே என்று பலர் கேட்பார்கள். எங்கள் பக்கத்து நாட்டு மாடுகள் உருவத்தில் சிறியவை. அதோடு குறி சுட்ட தழும்பு, உண்ணி கடித்த வடு, முட்கம்பிக் கீறல் ஆகியவற்றுக்கு நடுவே ஓர் இருக்கை முகத்துக்குப் போதுமான சுத்தமான பரப்பு கிடைப்பது அபூர்வம். இருக்கைக்கு இறக்குமதித் தோலே நடைமுறைக்கு உகந்தது.

முழுவதும் தோலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முற்கால எம்.ஜி.பி.களில் உடல் படும் பாகம் மட்டுமே தோல்; பக்கங்களும் முதுகுப்புறமும் அதே நிறத்து ரெக்சின். தொழிற்சாலையே அவ்வாறு செய்திருக்கும்போது, முழுத் தோல் போட்டுச் செலவை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே நிபந்தனை, இரண்டின் நிறத்தையும் கடைக்குள் அல்ல, வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

5. எவ்வளவு தோல் வேண்டும்

ஒரு முழு மாட்டுத்தோல் பொதுவாக 45 முதல் 55 சதுர அடி வரை இருக்கும். இரண்டு இருக்கைகளுக்கு மட்டும் என்றால் இரண்டு தோல், கதவுப் பலகைகளையும் நடுப்பெட்டியையும் சேர்த்தால் மூன்று என்று எடுத்துக்கொள்ளலாம். உடல் படும் பாகம் மட்டும் தோல் என்றால் இதைவிடக் குறையும். துல்லியமாக அறிய, பழைய உறையின் துண்டுகள் ஒவ்வொன்றையும் சுற்றிச் செவ்வகம் போட்டு, பரப்பைக் கூட்டி, அதன் மேல் நூற்றுக்கு முப்பது வீதம் கழிவுக்காகச் சேருங்கள்.

குஷன் கடைகளில் ரெக்சின் கணக்கையே சொல்வார்கள். 54 அங்குல அகலமுள்ள ரெக்சின் ஒரு யார் தேவைப்படும் இடத்தில் 18 சதுர அடி தோல் தேவை என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. வெறும் பரப்பைப் பெருக்கினால் பதின்மூன்றரை சதுர அடிதான் வரும். மீதி, தோலின் ஒழுங்கற்ற உருவத்துக்கும் வடுக்களுக்கும் போய்விடும். இதை அறியாமல் ரெக்சின் கணக்கில் தோல் வாங்கினால் கடைசி இருக்கையின் முதுகுக்குத் தோல் போதாது. மறுபடி வாங்கும் தோல் வேறு சாயத் தொகுதியாக இருந்தால் நிறமும் ஒத்துவராது. எல்லாத் தோலையும் ஒரே தொகுதியில், ஒரே முறையில் வாங்குங்கள்.

விலை சதுர அடிக்கா சதுர மீற்றருக்கா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரு சதுர மீற்றர் 10.76 சதுர அடி. தோலின் பின்புறத்தில் பரப்பு முத்திரையிடப்பட்டிருக்கும். 48 என்ற எண்ணின் தோளில் சிறிதாக 3 என்றிருந்தால் அது 48 முக்கால் சதுர அடி. பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்களைக் கூட்டிப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள்.

6. வாங்குதலும் சுங்கமும்

வழிகள் மூன்று: கொழும்பில் இறக்குமதியாளரிடம் வாங்குவது, வெளிநாட்டிலிருந்து தோலாக வரவழைப்பது, பிரித்தானியாவில் உங்கள் காருக்கென்றே தைத்து விற்கப்படும் உறைத் தொகுதியை வரவழைப்பது. தைத்த உறை விலை கூடியது. ஆனால் நல்ல தையல்காரர் அருகில் கிடைக்காதவருக்கு அதுவே சிக்கனமாகவும் முடியலாம். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. அதற்குள் இருக்கைகள் பல தடவை மாறின. ஆண்டை மட்டும் சொன்னால் போதாது. முன்னைய சொந்தக்காரர் யாராவது வேறு ஆண்டின் இருக்கையை மாட்டியிருக்கக்கூடும் என்பதால், உங்கள் இருக்கைச் சட்டத்தின் படத்தை அனுப்பி உறுதிப்படுத்திய பின்னரே பணம் கட்டுங்கள்.

இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ உறவினர் இல்லாத வன்னிக் குடும்பம் குறைவு. அவர்கள் மூலம் எடுப்பதானால் அவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. தோலை மடிக்கக் கூடாது. மட்டைக் குழாயில் பூச்சுப்பக்கம் வெளியே இருக்கச் சுருட்ட வேண்டும். ஒரு தோல் நான்கைந்து கிலோகிராம்தான் இருக்கும். ஆயினும் விமானப் பொதிச் சேவைகள் எடையைவிட இடத்தையே பார்க்கும். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எண் உண்மை எடையைவிடக் கூடினால் அதுவே கட்டண எடை. 150 சென்ரிமீற்றர் நீளமும் இருபதுக்கு இருபது தடிப்பும் உள்ள பொதி 12 கிலோவாகக் கணக்கிடப்படும். எனவே மூன்று தோலையும் ஒரே குழாயில் இறுக்கிச் சுருட்டுவது லாபம்.

சுங்கத்துக்கு விற்பனையாளரின் விலைப்பட்டியல், பணம் செலுத்திய சான்று, பெறுபவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை ஆயத்தமாக வையுங்கள். பதனிட்டு முடித்த மாட்டுத்தோல் சுங்கப் பொருள் வகைப்பாட்டில் 4107 என்ற தலைப்பின் கீழும், இருக்கைகளின் பாகங்கள் 9401 இன் கீழும் வகைப்படுத்தப்படுகின்றன. இரண்டுக்கும் வரி வீதம் வெவ்வேறாக இருக்கலாம் என்பதால், வாங்குவதற்கு முன் அன்றைய வீதத்தை இலங்கைச் சுங்கத்தில் பாருங்கள். வரி பொருளின் விலைக்கு மட்டுமன்று, அனுப்புகூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்குக் கணக்கிடப்படும். அதற்கு மேல் 2024 தை முதல் 18 வீதமான பெறுமதி சேர் வரியும் உண்டு. அன்பளிப்பு என்று எழுதி விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லாதீர்கள். சுங்கத்தார் தாமே விலை மதித்தால் தாமதமும் தண்டப் பணமும் உங்கள் தலையில்தான்.

7. தையல்காரரைத் தெரிந்தெடுத்தல்

வன்னியின் நகரங்களில் ஓட்டோ, பஸ், உழவு இயந்திரம் ஆகியவற்றுக்குக் குஷன் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் கைதேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் ரெக்சின் தைக்கும் கைக்குத் தோல் பழக்கமா என்பது வேறு கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது இயந்திரம். மேல்பாதமும் கீழ்ப்பல்லும் ஊசியும் சேர்ந்து துணியை நகர்த்தும் வகை இயந்திரம் வேண்டும். சாதாரண இயந்திரத்தில் மேல்தோல் பின்தங்கி, தையல் முடியும் இடத்தில் இரு விளிம்புகளும் ஒத்துவராமற் போகும். பிறகு அவரிடம் கழிவுத் தோல் துண்டுகளைக் கொடுத்து, குழாய்க்கரை (தையல் ஓரத்தில் குழாய்போல் உருண்டு நிற்கும் பட்டி) வைத்த வளைவு ஒன்றைத் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். நேர்க்கோட்டை எவரும் தைப்பார். வளைவில்தான் கை தெரியும்.

உள்ளூரில் திருப்தியில்லையெனில் காரைக் கொண்டு போகாதீர்கள். இருக்கைகளையும் பலகைகளையும் மட்டும் கழற்றி, போர்வையில் சுற்றி, ஏ9 வீதியில் போகும் நம்பிக்கையான லொறியில் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பலாம். கார் உங்கள் கொட்டிலிலேயே பத்திரமாக நிற்கும். மற்றவரின் கராஜ் வாசலில் வெயிலும் மழையும் குடித்துக்கொண்டிருக்காது.

உடன்படிக்கையை எழுத்தில் செய்யுங்கள். ஒரு பக்கக் கடதாசி போதும். எந்தெந்தத் துண்டு தோல், எது ரெக்சின். நூலும் நுரைமெத்தையும் யாருடைய செலவு. பிழையாக வெட்டினால் தோலின் விலை யாருடையது. எந்தத் திகதிக்கு எது முடியும். மிஞ்சும் துண்டுகள் முழுவதும் திருப்பித் தரப்பட வேண்டும் என்பன அதில் இருக்க வேண்டும். தோலை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பல இடங்களில் கையொப்பமிட்டு, முத்திரையிட்ட பரப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல தோல் போய் மட்டமான தோல் வருவது இந்நாட்டில் புதுமையன்று. கூலியை மூன்றாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது ஒரு பங்கு, வெட்டித் தைத்த உறையைக் கண்ணால் கண்ட பின் ஒரு பங்கு, இருக்கை காரில் பூட்டிய பின் மிகுதி. முழுப் பணத்தையும் முற்பணமாகக் கேட்கும் கடையை விட்டு நகருங்கள்.

ரூபாய்க் கணக்கை நான் இங்கே எழுதவில்லை. அடுத்த ஆண்டு படிப்பவரை அது வழிதவறச் செய்யும். மதிப்பீடு போடும்போது தோலின் விலை, அனுப்புகூலியும் வரியும், தையற்கூலி, மெத்தையும் ரப்பர் பட்டிகளும், சில்லறைச் சாமான் என்று ஐந்து உருப்படிகளாகப் பிரித்து எழுதிக்கொண்டு, கடைசியில் எதிர்பாராததற்கென்று பத்தில் ஒரு பங்கைச் சேருங்கள். நான்காம் உருப்படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

8. இருக்கைச் சட்டமும் மெத்தையும்

பழைய மெத்தையின் மேல் புதுத் தோல் போட்டால் சில மாதங்களில் சுருக்கம் விழும். சட்டத்தை நிர்வாணமாக்கி, துருவைச் சுரண்டி, வெடிப்பை ஒட்டி, பெயின்ட் அடியுங்கள். இருக்கையின் அடியில் கொளுவியிருக்கும் ரப்பர் விரிப்போ பட்டிகளோ நிச்சயமாக விறைத்து வெடித்திருக்கும். அதற்குப் பதிலாக ரெக்சின் பட்டி கட்டித் தருவதாகச் சொல்வார்கள். அது இழுபடாது, ஆகவே இருக்கை பலகை மாதிரி இருக்கும். ரப்பர் பட்டியே வேண்டும்.

மெத்தையில் நமக்கு ஒரு வசதி உண்டு. இறப்பர் பாலில் செய்யும் நுரைமெத்தையும், இறப்பர் பூசிய தும்புத் தகடும் இலங்கையிலேயே உற்பத்தியாகின்றன. பழைய கார்களில் இருந்ததும் ஏறக்குறைய அதே பொருள்தான். அடர்த்தி குறைந்த பஞ்சு நுரையை வாங்கிவிடாதீர்கள். உள்ளங்கையால் அழுத்தி விடும்போது உடனே முழு உயரத்துக்கும் திரும்ப வேண்டும். தும்பில் எலி கூடு கட்டும் என்பதையும் மறக்க வேண்டாம், அடியை அடர்ந்த துணியால் மூடித் தைப்பியுங்கள்.

9. வெட்டும் தையலும்

பழைய உறை இழுபட்டோ சுருங்கியோ இருக்கும் என்பதால் அதை அப்படியே அச்சாக எடுக்கக் கூடாது. முதலில் காடாத்துணியில் ஓர் உறை தைத்து மெத்தையில் போட்டுப் பார்த்துத் திருத்திய பின்பே தோலை வெட்ட வேண்டும். தையல்காரர் இதைத் தேவையற்ற வேலை என்பார். துணிக்கும் கூலிக்கும் தனியாகப் பணம் தருவதாகச் சொல்லிச் செய்வியுங்கள்.

முதுகெலும்பை ஒட்டிய பகுதி உறுதியானது, வயிற்றுப்பகுதி இழுபடும். இருக்கையின் முகங்களை முதுகுப்பகுதியில் வெட்டி, அடிப்பட்டிகளுக்கு வயிற்றுப்பகுதியைப் பயன்படுத்த வேண்டும். வடுக்களைச் சோக்கால் வட்டமிட்ட பின்பு, அச்சுகள் எல்லாவற்றையும் தோலின் மேல் அடுக்கிப் பார்த்து, அதைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிய பின்னரே கத்தி வைக்கச் சொல்லுங்கள். ஒரு தோலுக்கு மேல் இன்னொன்றை வைத்து இரட்டையாக வெட்டவே கூடாது.

நூல் பொலியெஸ்ரர் இழையாக இருக்கட்டும். நைலோன் உறுதியானது என்றாலும் திறந்த காரில் வெயில் அதை விரைவில் தின்றுவிடும். பருத்தி நூல் இதற்கு உதவாது. தையலின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைப்பது துணிக்குச் சரி, தோலிலோ அது தபால் முத்திரையின் ஓரம்போலத் துளையிட்டுக் கிழிக்கும். தோலில் ஒருமுறை விழுந்த ஊசித்துளை மூடாது.

10. பொருத்துதல்

உறையை இழுத்து மாட்டுவதற்கு முன் மெத்தையின் மேல் மெல்லிய பொலித்தீன் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு இறங்கும். காலை வெயிலில் சிறிது நேரம் வைத்த உறை இளகி இசைந்துகொடுக்கும். உச்சி வெயிலில் வைக்க வேண்டாம். உறையைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் கம்பி வளையங்களை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறிப் போட வேண்டும். புதிய உறை மிகவும் இறுக்கமாகத் தோன்றுவது நல்ல அறிகுறி.

கதவுப் பலகைக்குச் சாதாரணப் பசை போதாது, சூடு தாங்கும் வகையைக் கேளுங்கள். பழைய பலகை ஊறி உப்பியிருந்தால் அதை அச்சாக வைத்துப் புதிதாக வெட்டி, கதவின் உட்பக்கத் தகட்டில் பொலித்தீன் திரை ஒட்டிய பின்பே பூட்டுங்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர்தான் அந்தப் பலகைகளைக் கொல்வது.

11. காலமும் பராமரிப்பும்

பழகிய ஒருவருக்கு இரண்டு இருக்கைகளைத் தைத்துப் பொருத்த ஒன்றிரண்டு வாரம் போதும். தோல் வந்து சேரவும், தையல்காரரின் வரிசை வரவும் ஆகும் காலமே நீளம். காலபோக அறுவடையின்போது உழவு இயந்திரங்களும் லொறிகளும் முன்னுக்கு நிற்கும், உங்கள் கார் பின்னுக்குப் போகும். ஆகவே மாசியில் தோலுக்குச் சொல்லி, வைகாசியிலோ ஆனியிலோ தைப்பித்து, ஐப்பசி மழைக்கு முன் காரில் பூட்டிவிடும்படி ஒழுங்குசெய்யுங்கள். ஈரக்காற்றில் பசை சரியாகப் பிடிக்காது. சோளகத்தில் பசை வேலை செய்வதானால் கதவு யன்னலை மூடிய அறையில் செய்யச் சொல்லுங்கள், இல்லையேல் தோலுக்கும் பலகைக்கும் இடையில் புழுதி குடியேறும்.

தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் வேண்டாம். நிறப்பூச்சு இட்ட தோலுக்குள் அது இறங்காது. மேலே நின்று புழுதியைப் பிடிக்கும், தையல் துளைகளில் அழுக்காகும். இளஞ்சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றினால் போதும். மாரியில் கார் நின்றபடியே நின்றால் வாரத்தில் ஒரு நாள் கூரையைத் திறந்து காற்று விடுங்கள். பூஞ்சணம் கண்டால் அதே சவர்க்கார நீரில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

திருப்பி வாங்கிய மிச்சத் துண்டுகளைச் சுருட்டி, தோலின் தொகுதி எண்ணையும் நூலின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, எலி புகாத தகரப் பெட்டியில் போடுங்கள். ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்துக் கரைதான் முதலில் தேயும். அதை மாற்ற அந்தத் துண்டுகள் வேண்டியிருக்கும்.